முழுப் பேர்

ஏழாம் நம்பர் மலை உச்சியில் நின்று
கீழே பீலிக்கரையில் நிற்கிறவளைக் கூப்பிடுவேன்.
மூன்று பள்ளம் தாண்டிப் போகும் என் குரல்.
அதனால்தான் கமலவேணி சொன்னாள்,
"இவளே பேசட்டும்."
எல்லாரும் கை தூக்கினார்கள்.
என் கை மட்டும்
இடுப்புப் படங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அட்டனில் கூட்டம். தொழில் அதிகாரி வருகிறார்.
தண்ணிக்கென்றும் சாக்குக்கென்றும்
தராசில் கழிகிற கிலோக்களைப் பற்றி
நாங்கள் சொல்லவேண்டும்.
நாங்கள் என்றால், நான்.

கூப்பிடுவது வேறு, பேசுவது வேறு.
கூப்பிட்டால் மலை திருப்பிக் கூப்பிடும்.
பேசினால்
எல்லாரும் வாயை மூடிக்கொண்டு
நம் முகத்தைப் பார்க்கிறார்கள்.

முதலில் தேயிலையிடம் பேசிப் பார்த்தேன்.
ஒரே மட்டத்தில் வெட்டிய ஆயிரம் தலைகள்.
ஒன்றும் ஆடவில்லை.
"மாண்புமிகு அதிகாரி அவர்களே"
மாண்புமிகுவிலேயே நாக்கு வழுக்கியது,
மழைநாள் குறுக்குப்பாதை மாதிரி.
அடுத்த நிரையிலிருந்து ரெஜினா கேட்டாள்:
"ஏன்டி, கல்யாணப் பத்திரிகையா வாசிக்கிற?"

பயம் ஓர் அட்டை.
ஏறும்போது தெரியாது.
ரத்தம் கண்ட பிறகுதான் குனிந்து பார்க்கிறோம்.
பிடுங்கக் கூடாது. சவர்க்காரம் தடவினால்
தானாகச் சுருண்டு விழும்.
தொண்டையில் கடிக்கிற அட்டைக்கு
எங்கே தடவுவது?

மகன் போனில் பதிந்து போட்டுக் காட்டினான்.
யார் இந்தப் பொம்பளை,
மூக்கால் பேசுகிறவள்,
சொல்லுக்குச் சொல் "வந்து, வந்து" என்று
யாரையோ வரச் சொல்லிக்கொண்டே இருக்கிறவள்?
எண்ணினேன். பதினேழு "வந்து".
மறுநாள் பதினொன்று.
ஞாயிற்றுக்கிழமை ரொட்டி தட்டிக்கொண்டே பேசியபோது
நாலு.
ரொட்டி ஒன்று கருகியது. பரவாயில்லை.
மாண்புமிகுவை விட்டுவிட்டேன்.
"ஐயா" போதும்.

மண்டபத்தில் மைக்கை ஒருவர் ஊதினார்.
அது தும்மியது.
எனக்கு முன்னால் கோட் போட்டவர் பேசினார்,
இருபது நிமிசம்,
அதில் ஒரு கிலோகூட இல்லை.
பிறகு என்னைப் பார்த்து,
"பேரைச் சொல்லுங்க."

பேர்.
எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
கொழுந்து குறைந்தால் அரைப் பேர்.
பதினாறு வருசத்தில் எத்தனை நாள்
பாதியாக லயத்துக்குத் திரும்பியிருக்கிறேன்.

பேசாமல் நின்றேன்.
மறந்துவிட்டாள் என்று கமலவேணி பயந்தாளாம்.
நான் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன்,
சாக்கைத் தலைக்குத் தூக்குமுன் இழுப்போமே, அப்படி.
கால் நடுங்கியது.
நல்லவேளை, சேலை கட்டியிருந்தேன்.

"முத்துக்காளை சிவபாக்கியம்.
முழுப் பேர், ஐயா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
பிறகு அந்தச் சிரிப்பு பரவியது.
அதிகாரியும் நிமிர்ந்தார்.
அவரை மட்டும் பார்த்துச் சொன்னேன்:
காலையில் ரெண்டு கிலோ, மத்தியானம் ரெண்டு கிலோ,
மழை இல்லாத மாசத்திலும் தண்ணிக்கு ஒரு கிலோ.
மழையே பெய்யாமல் எங்கிருந்து ஐயா வருது தண்ணி?
அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.
அந்தச் சின்னச் சத்தம்
எனக்குக் கேட்டது.

ஒரு "வந்து" வந்தது. ரெண்டாகவும் இருக்கலாம்.
யார் எண்ணினார்கள்.

திரும்பும் பஸ்ஸில், நோர்வூட் தாண்டும்போதுதான்
ஞாபகம் வந்தது. மூன்றாவது விசயத்தை
நான் சொல்லவே இல்லை.
தராசின் முகத்தை எங்கள் பக்கம் திருப்பி வைக்கவேண்டும்,
முள்ளை நாங்களும் பார்க்கவேண்டும்.
ஐயோ என்று எழுந்துவிட்டேன்.
எழுந்தவள் உட்காரவில்லை.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
வளைவுக்கு வளைவு ஆடியபடி
முழுவதையும் சொன்னேன், மரக்கறி மூட்டைக்காரருக்கும்
டியூசன் முடிந்து வரும் பிள்ளைகளுக்கும்
தூக்கம் கலைந்து முறைத்த ஒருவருக்கும்.

டிரைவர் ரேடியோவைக் குறைத்தார்.
கண்டக்டர் எட்டிப் பார்த்தான்.
"அக்கா, எறங்கணுமா?"

"இல்ல தம்பி,
பேசிக்கிட்டிருக்கேன்."